மேல்விலங்கு

சிவசைலம் இயந்திரங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வேலை செய்பவர். திருகாணியைக் கழற்றுவதற்கு முன் "சற்றுப் பொறுத்துக்கொள்ளவும்" என்பார். மாட்டி முடித்த பின் "நன்றி" என்பார். தமிழ் இலக்கணத்தில் ஒரு பட்டமும், உணர்கருவிப் பொறியியலில் ஒரு பட்டமும் அவர் பெற்றிருந்தார். இரண்டும் சேர்ந்து அவருக்குத் தந்த பயன் ஒன்றுதான்: பிழை எங்கே இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும், பட்டதை எடுத்துச் சொல்லத்தான் வாய் வராது.

வேடசந்தூருக்கு அப்பால் இருக்கும் சேவற்கொடி நூற்பாலையின் வாசலில் அவர் வந்து இறங்கிய காலையிலும் அப்படித்தான் ஆயிற்று. வாசலிலேயே ஒரு விதிப் பலகை. பச்சை வண்ணத்தில் பத்து விதிகள். அவற்றுள் ஏழாவது இவ்வாறு இருந்தது:

'வழிபாட்டைப் பொறுத்தவரை பக்திமான் சொல்வதே இறுதியானது.'

சிவசைலம் பலகையை நெருங்கிப் போய் நின்றார். 'பக்திமானி' என்றல்லவா இருக்க வேண்டும். வெப்பத்தை அளப்பது வெப்பமானி; பக்தியை அளப்பது பக்திமானி. அதைப் பழுது பார்த்துச் சான்றளிக்கத்தான் அவரே வந்திருந்தார். கருவியின் பெயரில் கடைசி எழுத்துக்கு மேலே வளைந்து நிற்க வேண்டிய கோடு இல்லை. அந்த இடத்தில் ஒரு புள்ளி சும்மா உட்கார்ந்திருந்தது. அந்த வளைந்த கோட்டை ஊரார் கொக்கி என்பார்கள். இலக்கணம் படித்தவர்கள் அதற்கு வைத்த பெயர் மேல்விலங்கு.

"என்ன சார், போர்டயே பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்று கேட்டபடி ஆலையின் மேலாளர் கனகசபை வந்தார்.

"மன்னிக்கவும். ஏழாவது இடத்தில் மேல்விலங்கு விடுபட்டுள்ளது."

மேலாளர் சட்டென்று அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "என்ன விலங்கு? குரங்கா? போன மாசந்தான் ஆள் வச்சுப் பிடிச்சோம்."

"இல்லை ஐயா, எழுத்தின் மேல் வரும் கொக்கியைத்தான் அவ்வாறு குறிப்பிட்டேன். அது இல்லாததால் பொருள் மாறுகிறது. பக்திமானி என்றால் கருவி. பக்திமான் என்றால் பக்தி உடைய ஆள்."

"அதுவா." மேலாளருக்கு உயிர் வந்தது. "நான் அன்னைக்கே முதலாளிகிட்டச் சொன்னேன் சார், பெயிண்டர் கொக்கிய முழுங்கிட்டான்னு. அவரு ரெண்டு தடவ படிச்சுப் பாத்தாரு. சிரிச்சாரு. 'இருந்துட்டுப் போகுதுய்யா, இதுவும் நல்லாத்தான இருக்கு'ன்னுட்டாரு. பத்திரிகைலயெல்லாம் அவுக பேருக்கு முன்னாடி பக்திமான்னுதான போடுவாக. அப்புறம் போர்டுல இருந்தத அப்படியே தாள்ல எழுதிப் பழநிக்குக் கொண்டுபோயி, அடிவாரத்துல முருகனப் பாத்துச் சத்தமா வாசிச்சு, சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டு வந்தாரு. இனி அத யாரு தொடுறது?"

சிவசைலம் தலையசைத்தார். பிழையைச் சொல்லியாயிற்று என்ற அளவிலேயே அவருக்கு ஓராண்டுக்குப் போதுமான துணிச்சல் செலவாகியிருந்தது.

பக்திமானி ஒரு நூற்பாலைக்குள் வந்து சேர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு காலத்தில் ஆலைகளில் மேற்பார்வையாளர்கள் இருந்தார்கள். கத்துவார்கள், கத்திக் களைத்தும் போவார்கள். பிறகு களைப்பே இல்லாத நினைவூட்டி வந்தது. மணிக்கட்டில் கட்டும் மெல்லிய பட்டை அது. நூல் நூற்கும் 'பிரேம்' இயந்திரத்தின் முன் நிற்கும் பெண் ஒன்பது நொடிக்கு மேல் அசையாமல் இருந்தாலோ, சுவரில் சாய்ந்தாலோ, உட்கார்ந்தாலோ, தோலில் ஒரு சிறு மின்சாரக் கடி கடிக்கும். விளம்பரத்தில் அதற்கு 'அன்பான தட்டல்' என்று பெயர். பெண்கள் வைத்த பெயர் 'சுரீர்'. பத்து மணி நேர ஷிப்டில் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் போக, மற்ற நேரமெல்லாம் சுரீருக்குச் சொந்தம்.

முதலாளி குழந்தைவேலு கெட்டவர் என்று ஒருவராலும் சொல்லிவிட முடியாது. அதுதான் பெரிய தொல்லை. ஆண்டுதோறும் செருப்பில்லாமல் பழநிக்கு நடந்தார். கிருத்திகைக்குத் தண்ணீரும் குடிக்க மாட்டார். சாமி கும்பிடுகிறவர் கையில் சுரீர் ஏறுவது பாவம் என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. ஆகவே, எந்த மதத்தவரானாலும் ஷிப்டுக்கு மூன்று தடவை, எட்டெட்டு நிமிடம், வழிபாட்டறைக்குப் போகலாம், அங்கே உட்காரலாம், அந்த நேரத்தில் பட்டை வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று அறிவித்தார்.

ஆறே வாரத்தில் அந்த மாவட்டத்திலேயே பக்தி மிகுந்த இடமாக அந்த ஆலை ஆகிவிட்டது. வழிபாட்டறைக்கு வெளியே வரிசை நின்றது. கோயிலையோ தேவாலயத்தையோ பள்ளிவாசலையோ எட்டிப் பார்த்திராதவர்கள் எல்லாம் நேரம் தவறாமல் கடவுளைத் தேடினார்கள். முதலாளி கண் கலங்கினார். ஏழாவது வாரம் அந்த அறையைக் கடந்து நடந்தபோது உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. நின்று கவனித்தார். மூன்று மதத்துக் குறட்டையும் கலந்து கேட்டது.

அடுத்த மாதமே பக்திமானி வாங்கப்பட்டது. அறுபதுக்குக் குறைந்தால் பக்தி பொய். மூன்று முறை பொய்யானால் ஒரு மாதத்துக்கு வழிபாடு இல்லை, சுரீரும் இரட்டிப்பு.

"இன்னைக்கு ஒரே ஒரு கேசுதான் சார்," என்றார் கனகசபை, நடந்துகொண்டே. "லூர்து மேரின்னு ஒரு பொண்ணு. மூணு தடவையும் பெயில். முப்பத்தெட்டு, முப்பத்தஞ்சு, முப்பத்தொண்ணு. மிசின்ல கோளாறு, நான் நெசமாத்தான் செபம் பண்றேன்னு மனுக் குடுத்திருக்கு. நீங்க ஒரு தடவ வச்சுப் பாத்துட்டு, மிசின் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டீகன்னா நாளைல இருந்து டபுள் போட்டுருவோம்."

"மனுவில் அந்த அம்மையாருக்கு ஏழு மாதம் என்று எழுதியிருந்ததே."

"அதெல்லாம் மிசினுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது," என்று சிவசைலம் ஒப்புக்கொண்டார். "மன்னிக்கவும்."

வழிபாட்டறையின் ஒரே சுவரில் முருகன் படமும், மாதா படமும், மக்காவின் படமும் ஒரே உயரத்தில் மாட்டப்பட்டிருந்தன. நடுவில் ஒரு பலகையின் மேல் பக்திமானி. இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு தலைக்கூடு; அதிலிருந்து ஒரு கம்பி; கம்பியின் முனையில் சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி.

வேலை தொடங்குமுன் கருவியைச் சோதிப்பவர் தன் பக்தியை அளந்து பதிய வேண்டும் என்பது நிறுவனத்தின் ஒழுங்கு. சிவசைலம் கூட்டை அணிந்து கண்ணை மூடினார். பிள்ளையாரை நினைத்தார். கால் கழுவாமல் நினைக்கலாமா என்று நினைத்தார். மேலாளர் தன்னைப் பற்றி என்ன எண்ணுகிறாரோ என்று நினைத்தார். பதினொன்று. போன முறையும் பதினொன்றுதான்.

அதற்குள் லூர்து மேரி வந்துவிட்டாள். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துப் பெண். ஒரு கையை இடுப்பில் முட்டுக் கொடுத்து நடந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வாரில் பிதுங்கியிருந்தன. தன் இடைவேளையைச் செலவழித்துத் துணைக்கு வந்தவள் சபுரா பீவி. ஐம்பதை நெருங்குபவள், அடுத்த பிரேமில் நிற்பவள்.

"வாங்க மீட்டர் சார்," என்றாள் சபுரா. "போன தடவ எனக்கு அறுவத்திரெண்டு போட்டுச்சு. பத்தாங்கிளாசுல கூட நான் அம்புட்டு வாங்குனதில்ல."

மூன்றாவதாக ஒருத்தி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். நின்றாள் என்றும் சொல்லிவிட முடியாது. ஒன்பது நொடிக்கு ஒரு முறை கையை வீசினாள், இரண்டடி நடந்தாள், திரும்பினாள். அவள் அறிவுக்கொடி, தொழிலாளர் பிரதிநிதி. கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசிய ஒருவருடைய மகள். ஆலையில் வழிபாட்டு இடைவேளையை ஒரு நாளும் எடுக்காதவள் அவள் ஒருத்திதான். இல்லாத ஒருவர் பெயரைச் சொல்லி உட்காருவது நேர்மை ஆகாது என்பது அவள் கொள்கை. பதினொரு ஆண்டாகக் கொள்கைக்காக நின்றுகொண்டே இருந்தாள்.

"சார்," என்றாள் லூர்து மேரி, "மாதாவ நான் நாலு வயசுல இருந்து கும்புடுறேன். இந்த மிசினுக்கு முந்தாநாத்துத்தான் மாதாவத் தெரியும். அது எப்புடி சார் எனக்கு முப்பத்தொண்ணு போடலாம்?"

சிவசைலம் கைகளைக் கோத்துக்கொண்டார். "கேட்பது நியாயமே அம்மா. தயவுசெய்து தவறாக எண்ண வேண்டாம். எங்கள் கருவி கடவுளை அளப்பதில்லை. துறவிகள், கன்னியர், பக்கிரிகள் என்று நானூறு பேர் மூளையை ஆராய்ந்தார்கள். எல்லார் வழிபாட்டிலும் ஒன்று மட்டும் பொதுவாக இருந்தது. 'நான்' என்கிற நினைப்பு அடங்கி, மனம் முழுவதும் இன்னொருவரிடம் போய்விடுகிறது. அந்த 'நான்' எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதைத்தான் இது சொல்லும்."

"நல்லா இருக்கு," என்றாள் அறிவுக்கொடி, கையை ஆட்டியபடி. "வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு, கால் வலிக்குது தாயேன்னு சாமிகிட்டச் சொன்னா அதுக்கு மார்க்கு கொறையும். ஒரு வலியும் இல்லாதவன் வந்து ஒக்காந்தா நூத்துக்கு நூறு. வெவரமான மிசினுதான்."

நானூறு பேரில் ஒருவர் கூட நின்றுகொண்டு வேலை செய்தவர் இல்லை என்பது சிவசைலத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

சபுரா பீவி கன்னத்தில் விரலை வைத்து யோசித்தாள். "இவ தனக்காகக் கேக்கக் கூடாது. அம்புட்டுத்தான சார் சங்கதி? அப்ப ஒண்ணு பண்ணு லூர்து. என் மூட்டுக்காக நீ கேளு. ஒன் காலுக்காக நான் கேக்குறேன். மாத்திக்கிருவோம்."

"மாதாகிட்டப் போயி ஒங்க மூட்டப் பத்தியாக்கா?"

"ஏன், எங்களுக்கும் அவுக மரியம்தான். மூட்டு எந்த ஜமாத்துன்னு கேட்டுக்கிட்டா இருப்பாக?"

அப்படிச் செய்யலாமா என்று மேலாளர் சிவசைலத்தைப் பார்த்தார். சிவசைலம் கையேட்டைப் புரட்டினார். கூடாது என்று எங்கும் இல்லை. கூட்டை லூர்து மேரியின் தலையில் மெதுவாக வைத்து, "சற்றுப் பொறுத்துக்கொள்ளவும்" என்று கூட்டிடம் சொன்னார்.

அவள் கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. இருபத்தொன்பது. நாற்பது. நாற்பத்தேழு. சபுரா தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அது இப்போதே சரியாகிவிடப் போகிறது என்பது போல உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்து மூன்று. ஐம்பத்தாறு. ஐம்பத்தெட்டு.

அப்போது பார்த்து வயிற்றுக்குள்ளிருந்து ஒரு உதை. லூர்து மேரியின் கை தானாக அங்கே போயிற்று. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எண் அதற்கு மேல் ஏறவில்லை. எட்டு நிமிடம் முடிந்ததற்கான மணி அடித்தது.

"அம்பத்தெட்டு," என்றார் கனகசபை, வருத்தமே இல்லாத குரலில். "பாஸ் மார்க்கு அறுவது. சார், கையெழுத்துப் போட்டுருங்க."

சிவசைலம் பேனாவை எடுத்தார். படிவத்தைப் பார்த்தார். ஒவ்வோர் ஆலையிலும் அவரைத் தலைகுனிய வைக்கும் ஒரு கட்டம் அதில் உண்டு. "அவசரப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். பூச்சியச் சரிபார்ப்பு பாக்கியிருக்கிறது. பக்தி சிறிதும் இல்லாத ஒருவரைக் கூட்டுக்குள் வைத்து, கருவி பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. வழக்கமாக அப்படி ஒருவர் கிடைப்பதில்லை. முதலாளிகளுக்குப் பயந்து யாரும் ஒப்புக்கொள்வதில்லை. 'ஆள் கிடைக்கவில்லை' என்று எழுதிவிடுவேன்."

"நான் இருக்கேன்ல," என்றாள் அறிவுக்கொடி. முதன்முறையாக வழிபாட்டறைக்குள் கால் வைத்தாள். "வைங்க சார் தலைல. சாமி, பூதம் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். இந்தப் புள்ளயத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். பூச்சியம் காட்டுச்சுன்னா மிசினு சரின்னு நானே எழுதித் தாறேன்."

சிவசைலத்துக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஐந்து ஆண்டில் கிடைத்த முதல் பூச்சியம். இருமுறை நன்றி சொல்லிக் கூட்டை வைத்தார்.

அறிவுக்கொடி கண்ணை மூடவில்லை. கை குவிக்கவில்லை. லூர்து மேரியின் கால்களைப் பார்த்தாள்; வீங்கிய கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்தாள். இவள் உட்கார வேண்டும், அவ்வளவுதான், இவள் எப்படியாவது உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவள் முகத்தில் வேறொன்றும் இல்லை. வீசிக்கொண்டே இருந்த கையை வீச மறந்துவிட்டாள். ஒன்பது நொடி போயிற்று, பதினைந்து நொடி போயிற்று, பட்டை கடிக்கவில்லை. இடைவேளை எடுக்காதவருக்கும், எண் அறுபதைத் தாண்டியதும் நினைவூட்டியை அடக்கிவிடும்படிதான் கருவி அமைக்கப்பட்டிருந்தது.

எழுபது. எண்பத்து நான்கு. தொண்ணூற்றாறு.

பெட்டிக்குள் ஒரு மணி ஒலித்தது. இனிமையான பெண் குரல் ஒன்று, "மெய்யடியாரே, வாழ்க" என்றது.

"யாரப் பாத்துச் சொல்லுது அது?" என்றாள் அறிவுக்கொடி. கூட்டைப் பிடுங்கிப் பலகையில் வைத்தாள். அவள் பரம்பரையையே யாரோ இழிவாகப் பேசிவிட்டது போல முகம் சிவந்துவிட்டது.

"மன்னிக்க வேண்டும் அம்மா. இந்தக் குரலை அணைக்கும் வசதி இல்லை," என்றார் சிவசைலம்.

சபுரா பீவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "என்னடி வேண்டிக்கிட்ட?"

"ஒண்ணும் வேண்டல. இவ ஒக்காரணும்னு நெனச்சேன்."

"அதுக்குப் பேருதான்டி துவா."

"செபம்," என்றாள் லூர்து மேரி.

"ரெண்டும் இல்ல," என்றாள் அறிவுக்கொடி. "கோவம்."

செய்தி பிரேம்களின் வழியே ஆலை முழுதும் ஓடியது. பத்து நிமிடத்தில் முதலாளி குழந்தைவேலுவே வந்துவிட்டார். வெறுங்கால், பட்டை பட்டையாகத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். சாமி இல்லை என்பவளுக்குத் தொண்ணூற்றாறா என்று கேட்டார். மேலாளர் ஆம் என்றார்.

"அப்ப மிசின் கெட்டுப்போச்சு. தூக்கிப் போடுங்கய்யா."

"அவ்வாறு முடிவெடுப்பதானால்," என்றார் சிவசைலம் தயங்கித் தயங்கி, "லூர்து மேரி அம்மையாருக்குப் போட்ட மதிப்பெண்களும் செல்லாமற் போகும். தண்டனையும் விலகும்."

முதலாளி யோசித்தார். பிறகு, "கொண்டா, நான் போட்டுப் பாக்குறேன்," என்று சொல்லிக் கூட்டைத் தாமே எடுத்து அணிந்துகொண்டு முருகன் படத்தின் முன் நின்றார்.

வாசலில் சாக்குச் சொல்லிக்கொண்டு கூடியிருந்த பெண்கள், கைகளை வீசியபடியே கழுத்தை நீட்டினார்கள். இரண்டு வருமா, நான்கு வருமா என்று அவர்களுக்குள் பேச்சு. சிவசைலமும் அப்படித்தான் எதிர்பார்த்தார். எதிர்பார்த்ததற்காக மனத்துக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

குழந்தைவேலு கண்ணை மூடினார். அவர் முகம் மெல்ல இளகியது. தோள் இறங்கியது. மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் திரண்டு கன்னத்துத் திருநீற்றில் கோடிட்டு இறங்கியது. அறுபது. எண்பது. தொண்ணூற்றொன்று. மணி ஒலித்தது. "மெய்யடியாரே, வாழ்க."

நடிப்பென்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. சபுரா பீவிதான் மெல்லச் சொன்னாள்:

"பக்தி இருக்கு. நெசமாவே இருக்கு. அதுல நாமதான் இல்ல."

அது முதலாளியின் காதில் விழவில்லை. அவர் எண்ணைப் பார்த்து மலர்ந்து போயிருந்தார். "தொண்ணூத்தொண்ணு. பாத்தீங்களா? மிசின்ல ஒரு குறையும் இல்ல. சுத்தமா இருக்கு."

"அப்படின்னா அந்த அம்பத்தெட்டும் சரிதானுங்களே ஐயா," என்று கனகசபை எடுத்துக் கொடுத்தார்.

"சரிதான். எனக்கும் அந்தப் புள்ளயப் பாத்தாப் பாவமாத்தான் இருக்கு. ஆனா விதின்னா விதி. முருகன் முன்னாடி வச்சது. ஏழாவத வாசிய்யா."

மேலாளர் சட்டைப் பையிலிருந்து, திருநீறு படிந்த தாளை எடுத்து வாசித்தார். "வழிபாட்டைப் பொறுத்தவரை பக்திமான் சொல்வதே இறுதியானது."

"அம்புட்டுத்தான்."

இந்த இடத்தில் சிவசைலம் பேசாமல் இருந்திருக்கலாம். இருப்பதுதான் அவர் வழக்கம். கையெழுத்தைப் போட்டுவிட்டு ஐந்தே கால் பேருந்தைப் பிடித்திருக்கலாம். அவர் வேலைக்கும் ஆபத்து இருந்திருக்காது. ஆனால் ஐம்பத்தெட்டு என்ற எண் இன்னும் அவர் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு உதையும் அந்தச் சிரிப்பும் இல்லையென்றால் அது ஏறியிருக்கும். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மன்னிக்கவும்," என்றார். "ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. அந்தத் தாளில் பக்திமானி என்று இருக்கிறதா, பக்திமான் என்று இருக்கிறதா?"

"பக்திமான்தான். எனக்குத் தெரியுமே. நான்தான் இருக்கட்டும்னேன்," என்றார் முதலாளி, கொஞ்சம் வெட்கத்தோடு.

"சத்தியம் செய்ததும் அதே எழுத்துகளைச் சொல்லித்தானா ஐயா?"

"எழுத்துக்கு எழுத்து. சூடத்த அணைச்ச சூடு இன்னும் உள்ளங்கைல இருக்கு."

"அப்படியானால் இறுதிச் சொல் கருவிக்கு உரியது ஆகாது. பக்திமானுக்கு உரியது. கருவி சரியாக இருக்கிறது என்று ஐயாவே இப்போது சொன்னீர்கள். அந்தக் கருவியின்படி ஐயாவுக்குத் தொண்ணூற்றொன்று." சிவசைலம் அறிவுக்கொடியின் பக்கம் கையைக் காட்டினார். "அந்த அம்மையாருக்குத் தொண்ணூற்றாறு."

அறிவுக்கொடி திரும்பிப் பார்த்தாள். முதலாளியும் பார்த்தார்.

கனகசபை முதலாளியின் காதருகே போனார். "ஐயா, இது பெயிண்டர் பண்ணுன தப்பு. பேனா இருக்கு. இங்கயே ஒரு கொக்கியப் போட்டுட்டாக் கதை முடிஞ்சுது."

"முருகன்கிட்டச் சொன்ன வார்த்தைக்கு இப்ப வந்து கொக்கி போடச் சொல்றியா?" என்றார் குழந்தைவேலு.

அவர் முருகன் படத்தைப் பார்த்தார். வேறு யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் தாளைக் கிழித்திருப்பார்கள், வழக்கறிஞரை அழைத்திருப்பார்கள். அவருக்கு அது முடியவில்லை. தொண்ணூற்றொன்று பொய்யான எண்ணாக இருந்திருந்தால் முடிந்திருக்கும். உள்ளங்கையைத் துண்டில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"சொல்லும்மா," என்றார். "நீ சொல்றதுதான் இறுதி."

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் அறிவுக்கொடி.

வாசலில் நின்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"நான் பக்திமான் இல்ல. எனக்குச் சாமியே கெடையாது. எங்கப்பா கல்லடி பட்டுப் பேசுன பேச்ச, ஒரு இடியாப்பத் தட்டு சொல்லுச்சுன்னு நான் மாத்திச் சொல்லவா? அவரு இருந்தா என்னய வீட்டுக்குள்ள விட்டிருப்பாரா?"

"ஏய், பதினோரு வருசம் கொள்கைக்காக நின்ன," என்றாள் சபுரா. "ஒரு நிமிசம் அவளுக்காக ஒக்காந்துக்க. என்ன கொறஞ்சு போயிருவ? நான் முப்பத்தஞ்சு வருசமா நோம்பு பிடிக்கிறேன், அறுவத்திரெண்டு போட்டுச்சு. எனக்கில்லாத ரோசம் ஒனக்கென்ன?"

லூர்து மேரி ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு உடல் எடையை மாற்றினாள். அவ்வளவுதான் செய்தாள்.

அறிவுக்கொடி அந்தக் கால்களைப் பார்த்தாள். மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "சரி. பக்திமான்தான். ஒரே ஒரு நிமிசத்துக்கு."

பெண்பாலில் 'பக்திமதி' என்று வர வேண்டும் என்பது சிவசைலத்தின் நாக்கு நுனி வரை வந்தது. வாழ்நாளிலேயே முதன்முறையாக ஒரு பிழையை அவர் பயத்தினால் அல்லாமல் விரும்பியே விழுங்கினார்.

"ஆளுக்கொரு ஸ்டூலு," என்றாள் அறிவுக்கொடி. "எல்லாப் பிரேமுக்கும். முடிஞ்சப்ப நிப்போம், முடியாதப்ப ஒக்காருவோம். சாமி கும்புட்டாலும் சரி, கும்புடாட்டியும் சரி. அப்புறம் இது." மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "இதக் கழட்டணும். மொதல்ல அவளுக்கு."

வெளியே யாரோ பிரியாணியையும் சேர்க்கச் சொன்னார்கள். அது சேர்க்கப்படவில்லை.

முதலாளி தாமே முன்வந்து, "ஒக்காரும்மா" என்று லூர்து மேரியைப் பலகையில் உட்கார வைத்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையின் பூட்டைத் தேடினார். மூவாயிரம் பட்டைகளுக்கு உத்தரவு போட்டவருக்கு ஒன்றைத் திறக்கத் தெரியவில்லை. இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். உட்கார்ந்திருந்தவளின் ஒன்பது நொடி முடிந்தது.

சுரீர்.

அவள் பழக்கத்தில் உதட்டை மட்டும் மடித்துக்கொண்டாள். பூட்டின் மேல் விரல் வைத்திருந்த முதலாளி ஓரடி பின்னால் போய் விழப் பார்த்தார். கனகசபை தாங்கிக்கொண்டார்.

"இம்புட்டா?" என்றார், விரலை வாயில் வைத்தபடி.

"இது கம்மிங்கய்யா," என்றாள் லூர்து மேரி பணிவாக. "டபுளு நாளைலருந்துதான்."

முதலாளி அவளைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். "முருகா," என்றார். அது யாரையும் கூப்பிடுவது போல இல்லை. ஒன்று கேட்பது போல இருந்தது. பிறகு தரையில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அந்தப் பூட்டோடு மறுபடியும் போராடத் தொடங்கினார். அடுத்த ஒன்பது நொடிக்குள் திறந்துவிட வேண்டும் என்ற பதைப்பு அவர் விரல்களில் தெரிந்தது.

"இப்ப அந்தத் தட்ட அவரு தலைல வச்சா," என்று சபுரா சிவசைலத்தின் பக்கம் சாய்ந்து சொன்னாள், "நாமளும் கொஞ்சம் அதுல இருப்போம் சார்."

மாலையில் எல்லாரும் போன பிறகு சிவசைலம் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். உட்கார ஒரு புதிய ஸ்டூல் கிடைத்தது. ஒழுங்குப்படி, புறப்படும்போதும் தன்னை ஒரு முறை அளந்து பதிய வேண்டும். கூட்டை அணிந்தார். பிள்ளையாரை நினைக்க நினைத்தார். ஏனோ அந்த ஐம்பத்தெட்டுதான் நினைவுக்கு வந்தது. முப்பத்து நான்கு. பள்ளிக்கூடக் கணக்கிலும் ஒரு மதிப்பெண்ணில் தேறாமல் போய்விட்டது. ஆனாலும் அவர் அதைத் தெளிவாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினார்.

கனகசபை எதிரில் வந்து நின்றார். "சார், அந்தப் போர்டுல எழுத்துப் பிழை இருக்கு, திருத்தணும்னு ஒங்க ரிப்போர்ட்ல ஒரு வரி போட்டுக் குடுங்க. நானாச் சொன்னா அவரு கேக்க மாட்டாரு. நீங்க படிச்சவுக. காலைல நீங்கதான மொதல்ல சொன்னீக?"

"உண்மைதான் ஐயா," என்றார் சிவசைலம். "எழுதிவிடுகிறேன்."

கருவியின் நிலை: சரியாக இயங்குகிறது.

பூச்சியச் சரிபார்ப்பு: தகுந்த ஆள் கிடைக்கவில்லை.

விதிப் பலகை என்ற கட்டத்தில் பேனா சற்று நின்றது. பிறகு, இலக்கணம் படித்த ஒருவர் மனமறிந்து எழுதக் கூடாத இரண்டு வாக்கியங்களை அவர் எழுதிக் கையெழுத்திட்டு, தாளிடம் மன்னிப்புக் கேட்காமல் மடித்து உறையில் வைத்தார்:

மேல்விலங்கு விடுபட்டுள்ளது. திருத்தம் தேவையில்லை.